மேடைக்கு வந்த ஊசி தொழுவத்துக்கு வராதது ஏன்?

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி டில்லியில் ஒரு விழா நடந்தது. மாடுகளைக் கொல்லும் தோல் கழலை நோய்க்கு, இலம்பி என்றும் மாட்டுப் பெரியம்மை என்றும் ஜனங்கள் சொல்லும் நோய்க்கு, நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்த தடுப்பூசியை மத்திய விவசாய மந்திரி அறிமுகப்படுத்தினார். பேச்சு நடந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அதே நாட்களில் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் செத்த மாடுகளைப் புதைத்து மாளவில்லை. அந்த ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் இந்த நோயில் மடிந்தன. இது நாம் கற்பித்த கணக்கல்ல. சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்கு.

அந்த ஊசியின் கதி என்ன ஆயிற்று? சர்க்கார் ஆராய்ச்சிக்கூடம் பிடித்துப் பழக்கிய அதே கிருமியைக் கொண்டு செய்த ஊசிக்கு விற்பனை லைசென்ஸ் கிடைத்தது 2025 பிப்ரவரியில்தான். அதுவும் கிடைத்தது ஒரு தனியார் கம்பெனிக்கு. விழா நடந்த நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். முப்பது மாதம்!

நோய் வாசலில் நின்றது. மருந்து கூடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே குறுக்கே நின்றது எது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

செத்தது யாருடைய மாடு?

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாடும் எருமையும் சேர்ந்து 30 கோடிக்கு மேல். இவை பெரிய பண்ணைகளில் மின்விசிறிக்கு அடியில் நிற்கும் மாடுகள் அல்ல. இவற்றில் மிகப் பெரும்பகுதி ஒன்றும் இரண்டுமாக, சிறு விவசாயி வீட்டிலும், நிலமே இல்லாத கூலி விவசாயி குடிசையிலும் கட்டிக் கிடப்பவை.

பண்ணையாருக்கு நிலம் இருக்கிறது, பாங்கியில் பணம் இருக்கிறது. கூலிக்காரனுக்கு என்ன இருக்கிறது? அவனுடைய பாங்கிப் புத்தகம் கட்டுத்தறியில் நிற்கிறது! நடவு இல்லாத மாதத்தில் அடுப்பு எரிவது பால் சொசைட்டியில் வரும் காசில்தான். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கன்றை விற்கிறான். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் மாட்டின் பேரில் கடன் வாங்குகிறான். வரப்பில் புல் அறுத்து, தலையில் சுமந்து வந்து அந்த மாட்டை வளர்ப்பவள் அவன் மனைவி. அவளுடைய அந்த உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் கூலி இல்லை.

அந்த மாட்டின் மேல் கழலை கிளம்புகிறது. காய்ச்சல் அடிக்கிறது. கால் வீங்குகிறது. பால் வற்றுகிறது. சினை மாடு கன்றைப் போட்டுவிடுகிறது. பிழைத்த மாடும் மாதக்கணக்கில் தேறுவதில்லை. கறவை மாடு ஒன்று செத்தால் ஐம்பதாயிரம் ரூபாயாவது இல்லாமல் இன்னொன்று வாங்க முடியாது. அந்தப் பணத்துக்கு அவன் எங்கே போவான்? வட்டிக்காரன் வீட்டுக்குத்தான் போவான். மாடு செத்த கடன் அடுத்த தலைமுறை வரைக்கும் நிற்கும்.

மில் தொழிலாளிக்கு இதில் என்ன?

"மாட்டு வைத்தியம் பற்றி மில் தொழிலாளிக்கு என்ன பேச்சு?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். பேச்சு இருக்கிறது.

முதலாவது, மில்லில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் வீட்டிலும் ஒரு மாடு நிற்கிறது. லேஆப் நாட்களில் வீட்டைத் தாங்குவது அதுதான். இரண்டாவது, நோய் கண்ட மாட்டின் தோல் தழும்பேறிக் கெடுகிறது. தோல் கெட்டால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிலாளிக்கு வேலை குறைகிறது.

மூன்றாவது, மிக முக்கியமானது. மாட்டின் நோய் எப்போதும் மாட்டோடு நின்றுவிடுவதில்லை. தோல் கழலை நோய் மனிதனைத் தொற்றாது, உண்மை. ஆனால் அடைப்பான் நோய் தொற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் கம்பளி மில்களில் ரோமம் பிரிக்கும் தொழிலாளிகள் திடீர் திடீரென்று மூச்சு முட்டிச் செத்தார்கள். 'கம்பளி பிரிப்போர் நோய்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த ரோம மூட்டையில் ஒட்டியிருந்த அடைப்பான் கிருமி அது என்று. எங்கோ ஒரு மேய்ச்சல் வெளியில் ஆட்டுக்கு ஊசி இல்லை. அதன் விலையை மில்லில் நின்ற தொழிலாளி தன் நுரையீரலால் கொடுத்தான்.

அந்த அடைப்பானுக்கே 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டர் ஊரறிய ஒரு பரீட்சை நடத்தினார். ஆடுகளை இரண்டு மந்தையாகப் பிரித்தார். ஒரு மந்தைக்குத் தடுப்பூசி போட்டார்; மற்றதற்குப் போடவில்லை. பிறகு இரண்டுக்கும் கொல்லும் கிருமியைக் கொடுத்தார். ஊசி போடாத ஆடுகள் மடிந்தன. போட்ட ஆடுகள் நின்று புல் மேய்ந்தன. கால்நடைகளைக் காக்கும் தடுப்பூசி விஞ்ஞானம் அன்று ஊரார் கண்முன் நிரூபணமாயிற்று.

விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது

இன்று அதற்கு உயிரித் தொழில்நுட்பம் என்று பெரிய பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. விஷயம் இதுதான்:

தோல் கழலை நோய் நம் நாட்டில் முதலில் 2019இல் ஒடிசாவில் காணப்பட்டது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி இவற்றால் பரவியது. பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. ராஞ்சியில் நோய்ப்பட்ட மாட்டிலிருந்து கிருமியை எடுத்தார்கள். ஹரியானாவில் ஹிஸார் நகரத்திலுள்ள சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில், கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் அதை வளர்த்தார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, இப்படி ஐம்பது முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். பாத்திரத்தில் வாழப் பழகிய கிருமி மாட்டைக் கொல்லும் வலுவை இழந்தது. ஆனால் அதைக் கண்ட மாட்டின் உடம்பு எதிரியின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். நிஜ எதிரி வரும்போது எதிர்த்து நிற்கும். இஸத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் இந்த வேலையில் தோள் கொடுத்தது.

மூன்றே ஆண்டில் முடிந்த வேலை இது! செலவழிந்தது யாருடைய பணம்? நீங்களும் நாமும் தீப்பெட்டிக்குக்கூட விலையோடு சேர்த்துக் கட்டும் வரிப்பணம். எனவே அந்த விஞ்ஞானிகளுக்கு நம் வணக்கம். நம் சண்டை அவர்களோடு அல்ல. மருந்து கூடத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் நம் சண்டை.

இடைக்காலத்தில் சும்மா இருக்கவில்லை, ஆட்டம்மை ஊசியை மாடுகளுக்குக் கோடிக்கணக்கில் போட்டோம் என்று சர்க்கார் சொல்கிறது. மறுக்கவில்லை. இரண்டு கிருமியும் ஒரே வம்சம். ஆகவே அந்த ஊசி ஓரளவு காத்தது. ஆனால் அண்ணனுக்குத் தைத்த சட்டை தம்பிக்கு எவ்வளவு பொருந்தும்? தம்பிக்கென்றே தைத்த சட்டை பெட்டியில் இருக்கும்போது ஏன் அதை எடுக்கவில்லை?

வெக்கையை வென்றது யார்?

வெக்கை நோய் என்றால் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். ஊருக்குள் நுழைந்தால் தொழுவங்களைத் துடைத்துவிட்டுப் போகும். 1880களின் கடைசியில் இத்தாலியப் படைக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு அது கிழக்கு ஆப்பிரிக்காவில் நுழைந்தது. எத்தியோப்பியாவில் பத்துக்கு ஒன்பது மாடு செத்தது. ஏரில் பூட்ட மாடில்லை. வயல் தரிசாயிற்று. அந்நாட்டு ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சத்தில் மாண்டார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மாடு செத்தால் மனிதன் சாவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் 1889இல் புனேயில் கால்நடைக் கிருமி ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது. 1893இல் இமயமலையில் முக்தேஸ்வரத்துக்கு மாறியது. 1920களில் அங்கே ஆடுகளில் மாற்றி மாற்றி வளர்த்து வெக்கைக் கிருமியின் வலுவைக் குறைத்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து இருந்தும் நோய் ஒழியவில்லை. வெள்ளைக்காரன் போகும்வரை ஒழியவில்லை. ஏன்? மருந்து ஊர் ஊராய்ப் போகவில்லை.

1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மாகாணம்தோறும் சர்க்கார் மருந்து நிலையங்களில் ஊசி தயாராயிற்று. ஊழியர்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் போய்க் கோடிக்கணக்கான மாடுகளுக்குப் போட்டார்கள். இதற்கிடையே கென்யாவில் வால்டர் ப்ளோரைட் என்ற விஞ்ஞானி பாத்திரத்து உயிரணுக்களில் வளர்த்த, இன்னும் பத்திரமான ஊசியை உண்டாக்கினார். பிறகு வெயிலிலும் கெடாத ஊசி வந்தது. ஐஸ் பெட்டியில்லாமல் வாரக்கணக்கில் தாங்கக்கூடிய அந்த ஊசியை, ஆப்பிரிக்க மேய்ச்சல்காரர்களே பயிற்சி பெற்றுத் தங்கள் மந்தைகளுக்குப் போட்டார்கள். டாக்டர் போகாத காட்டுக்குள்ளும் ஊசி போயிற்று!

பலன் என்ன? இந்தியாவில் வெக்கை கடைசியாகக் கண்டது 1995இல். 2006இல் நம் நாடு வெக்கையற்ற நாடு என்ற சான்று பெற்றது. 2011இல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. மனிதனின் பெரியம்மைக்குப் பிறகு, பூமியிலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுதான்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். நோய் அடியோடு ஒழிந்தால் ஊசிக்கு என்ன ஆகும்? ஊசி விற்பனையும் அடியோடு ஒழியும்! எந்த வியாபாரி தன் கடைக்கு வரும் வாடிக்கைக்காரனை ஒழிக்கத் திட்டம் போடுவான்? ஆகவேதான் வெக்கையை ஒழித்தது மார்க்கெட் அல்ல. பொதுப் பணம், பொது ஆராய்ச்சிக்கூடம், பொது ஊழியன், காசு கேட்காத ஊசி. இந்த நான்கும் சேர்ந்து ஒழித்தன.

வாதங்களும் நமது பதில்களும்

"உயிருள்ள கிருமி ஊசியை அவசரப்பட்டுப் போட முடியுமா? சோதிக்க வேண்டாமா?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சோதிக்கத்தான் வேண்டும். ஏழையின் மாடு சோதனைப் பிராணி அல்ல. நாம் கேட்பது வேறு. சோதனைக்கும் உற்பத்திக்கும் எத்தனை சர்க்கார் நிலையங்களை ஒரே சமயத்தில் முடுக்கிவிட்டீர்கள்? 2022 டிசம்பரில் புனேயிலுள்ள மகாராஷ்டிர சர்க்கார் மருந்து நிலையத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டீர்கள். நல்லது. அதேபோல் மற்ற மாகாண நிலையங்களுக்கு ஏன் பணமும் இயந்திரமும் கொடுக்கவில்லை? நம் இராணிப்பேட்டையில் அடைப்பான் ஊசியும், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோழிக் கழிச்சல் இவற்றுக்கான ஊசிகளும் செய்து பழகிய கைகள் இருக்கின்றனவே! அந்தக் கைகளுக்கு ஏன் வேலை தரவில்லை?

"சர்க்கார் நிலையங்கள் பழையவை, தரம் போதாது; தனியாரே திறமைசாலி" என்கிறார்கள் மார்க்கெட் பக்தர்கள். இந்தப் பாட்டை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 2008 ஜனவரியில் கசௌலி, கிண்டி, குன்னூர் ஆகிய மூன்று இடங்களில் இருந்த மத்திய சர்க்கார் தடுப்பூசி நிலையங்களின் லைசென்ஸை இதே காரணம் சொல்லி நிறுத்தினார்கள். குழந்தைகளுக்கான ஊசி செய்த இடங்கள் அவை. எதிர்ப்புக்குப் பிறகு 2010இல்தான் தடை நீங்கியது. செங்கல்பட்டில் கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021இல் கொரோனா ஊசிக்கு நாடே அல்லாடிய நாளிலும் பூட்டிக் கிடந்தது. பழுதுபட்டால் பழுது பார்ப்பதா, பூட்டுவதா? கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவான் குடியானவன். வீட்டையே அடுத்தவனுக்கு எழுதிக் கொடுப்பானா?

தனியார் கம்பெனி குப்பியில் அடைத்துத் தருவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விதை பொதுமக்களுடையது, நிலம் பொதுமக்களுடையது, விளைச்சலுக்கு விலை வைக்கும் அதிகாரம் மட்டும் கம்பெனிக்கா? எந்த ஊருக்கு முதலில், என்ன விலைக்கு என்பதைச் சர்க்காரும் மக்களும் தீர்மானிக்க வேண்டும். லாபக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மாட்டைத் தெய்வம் என்பார்கள். மாட்டு டாக்டர் பதவி காலியாகக் கிடப்பதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். 2019இல் மத்திய சர்க்கார் காமதேனு ஆணையம் ஒன்றை அமைத்தது. அந்த ஆணையம் 2021இல் நாடு முழுவதும் பசு விஞ்ஞானப் பரீட்சை நடத்தப் போவதாக அறிவித்தது. நாட்டுப் பசுவின் பாலில் தங்கம் இருக்கிறது என்று அதற்குப் பாடம் அச்சிட்டது. விஞ்ஞானிகள் கண்டித்தபின் பரீட்சை நின்றது. அடுத்த ஆண்டே ராஜஸ்தானத்துப் பசுக்கள் சாலையோரம் செத்து விழுந்தன. பாலில் தங்கம் தேடியவர்களே, பசுவுக்கு ஊசி தேடினீர்களா?

கடைசியாக, நம் சொந்த ஜனங்களின் சந்தேகம். "ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும்" என்று சிலர் மாட்டை ஒளித்து வைக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வது நம் வேலை அல்ல. ஒரு மாட்டை நம்பி வாழ்பவனின் பயம் அது. ஊசி போட்ட இரண்டொரு நாள் மாடு சோர்ந்திருக்கலாம், பால் சற்றுக் குறையலாம், பிறகு தேறிவிடும். கோமாரி வந்து போகும் பாலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நிறைமாதச் சினை மாட்டுக்கு எப்போது போடுவது என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். கேட்பதற்கு டாக்டர் ஊரில் இருக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கையில் சேர்ந்ததே.

நாம் கோருவது

1. தோல் கழலை ஊசியைச் சர்க்கார் மருந்து நிலையங்களில் தயாரிக்க வேண்டும். இராணிப்பேட்டை நிலையத்தை அதற்கு வேண்டிய பணமும் இயந்திரமும் கொடுத்து விரிவாக்க வேண்டும்.

2. கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் ஒழிக்கவென்று 2019இல் அறிவித்த 13,343 கோடி ரூபாய்த் திட்டத்தில் எந்த ஊருக்கு எத்தனை ஊசி வந்தது, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று பஞ்சாயத்துக் கட்டிடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. ஒருமுறை தவறினால் மாட்டின் பாதுகாப்பு குறைந்துவிடும்.

3. கால்நடை டாக்டர், ஆய்வாளர், உதவியாளர் காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஊருக்கு இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சேவை என்று ஏய்க்காமல் மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும்.

4. நிலமற்றவர்களின் மாட்டுக்குப் பிரிமியம் இல்லாத இன்ஷூரன்ஸ் வேண்டும். இந்த நோயில் செத்த கறவை மாட்டுக்கு மகாராஷ்டிரத்தில் 30,000 ரூபாய் கொடுக்க முடிந்ததென்றால் மற்ற மாகாணங்களில் ஏன் முடியாது?

5. தோல், ரோமம், எலும்பு கையாளும் தொழிலாளர்களுக்கு அடைப்பான் பாதுகாப்பும் ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனையும் முதலாளி செலவில் வேண்டும்.

இவை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். கழலை கண்ட மாட்டைத் தனியே கட்டுங்கள். மாலையில் புகை போட்டு ஈ, கொசுவை விரட்டுங்கள். நோய் ஊரிலிருந்து சந்தைக்கு மாடு ஓட்டாதீர்கள். திடீரென்று செத்து மூக்கிலும் வாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்த மாட்டை அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள். அது அடைப்பானாக இருக்கலாம். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

அடுத்த கிராம சபையில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஊர் மாடுகளுக்குக் கடைசியாக ஊசி போட்ட தேதி எது? அடுத்த தேதி எது?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதாமல் கலையாதீர்கள்.

வெக்கை ஒழிந்தது கனவல்ல; நடந்த காரியம். நடத்திக் காட்டியது சைக்கிளில் போன சாதாரண ஊழியன். அதே கூடங்கள் இருக்கின்றன, அதே விஞ்ஞானம் இன்னும் கூர்மையாக இருக்கிறது, ஊழியம் செய்யக் கைகளும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: கட்டுத்தறி வரைக்கும் ஊசியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் ஆள்வோருக்கு இல்லை. அதை உண்டாக்குவது நம் குரல்தான்.